இயல்பாக இல்லாத இருமல்

இருமுவதும் ஒரு தொழில் என்பதைப் பலர் அறியார். திரையில் ஒருவர் இருமும்போது அவரே இருமுகிறார் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள்களைக் குலுக்குவதோடு சரி. அதற்குரிய ஓசையைப் பின்னர் ஓர் இருண்ட அறையில், ஒலிவாங்கியின் முன்னால் நின்றுகொண்டு, என்னைப் போன்ற ஒருவன் கொடுக்கிறான். தும்மல், விக்கல், கொட்டாவி, முனகல், உயிர் பிரியும் நேரத்து இழுப்பு ஆகிய அனைத்தும் என் பொறுப்பில் அடங்கும். எனினும் இருமலே என் தனித்திறன். ஒலிப்பதிவுக் கூடத்தில் என் இயற்பெயரைச் சொல்லி விசாரித்தால் வாயிற்காவலர் உதட்டைப் பிதுக்குவார். 'லொக்கு' என்று கேட்டால் நேராக உள்ளே அனுப்பிவைப்பார்.

தொழிலாளர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கையில் தாம் வருவதை அறிவிக்கும் முதலாளியின் இருமல் வேறு. மருமகள் தலைவாரிக்கொண்டிருக்கும் அறைக்கு வெளியே நின்று மாமனார் கொடுக்கும் இருமல் வேறு. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருடன் அடக்கப் பார்த்துத் தோற்றுப்போகும் இருமலுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் மேலானது, மகளின் கையைப் பற்றிக்கொண்டு எதையோ சொல்ல வந்து, சொல்லாமலே கண்மூடும் தகப்பனின் இருமல். அதில் எனக்கு நிகர் ஒருவரும் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அத்தகைய எனக்கு, மழைக்காலத்தின் இறுதியில், உண்மையாகவே இருமல் வந்தது.

முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மழை நின்றது, இருமல் நிற்கவில்லை. பின்னர் நெஞ்சின் வலப்புறத்தில், விலா எலும்புகளுக்கு உள்ளே, ஒரு வலி குடியேறியது. மூச்சை ஆழமாக இழுத்தால் அது விழித்துக்கொள்ளும். இருமினால் எழுந்து நின்று குத்தும். ஒரு நாள் ஒலிப்பதிவின் நடுவே, தகப்பன் கண்மூடுவதற்குச் சற்று முன்பாக, நான் கொடுக்க வேண்டிய இருமலை முந்திக்கொண்டு அந்த இருமல் வெளியே பாய்ந்துவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்த இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"என்ன சார் இது? தகரத்தைத் தரையில இழுக்கற மாதிரி இருக்கு. இயல்பாவே இல்லையே."

"மன்னிச்சுக்கோங்க சார். அது நான் குடுக்கல. தானா வந்துச்சு."

"தானா வர்றதெல்லாம் நமக்கு வேண்டாம் சார். நீங்க வழக்கமா குடுக்கறதைக் குடுங்க."

அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒலிப்பதிவாளர் என்னிடம் உரிமையோடு பழகும் இளைஞர். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லொக்கண்ணே, அசலுக்கு மார்க்கெட் இல்லண்ணே. டூப்ளிகேட்டையே எடுத்து விடுங்க" என்றார்.

நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வழக்கமானதைக் கொடுத்தேன். முடிந்ததும் இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இதான் சார்! கேக்கும்போதே நெஞ்சு வலிக்குது."

எனக்கும் வலித்தது. ஆனால் அதை அங்கே யாரிடம் சொல்வது?

வீட்டில் சொல்லலாம் என்று எண்ணினேன். எங்கள் வீடு மாடியில் இரண்டே அறைகளைக் கொண்டது. ஜன்னலோரத்தில் என் மனைவியின் தையல் இயந்திரம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருக்கும். அவள்தான் என் முதல் ரசிகை, முதல் விமர்சகி. திருமணமான நாள்முதல் ஒவ்வொரு புதிய இருமலையும் அவளிடம் காட்டி, அவள் தலையசைத்த பிறகே கூடத்திற்குக் கொண்டுபோவேன். ஆகவே, கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நான் குனிந்து இருமியபோது, அவள் இயந்திரத்தை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"இது யாரு? அப்பாவா, பெரியப்பாவா?"

"நான்தான்."

"நீங்கன்னா நடுவுல கொஞ்சம் இடைவெளி விடுங்க. மூச்சு விடாம அடிச்சா கேக்கறவங்களுக்குச் சலிச்சுப் போகும்."

"நடிக்கலம்மா. நெஞ்சு வலிக்குது. இங்க பாரு, இந்த இடத்துல."

"வலிக்காம என்ன செய்யும்? நாள் பூரா தொண்டையைக் கிழிச்சுக்கிட்டா? போய் எங்க அண்ணன்கிட்ட ஏதாவது மருந்து வாங்கிக் குடிங்க" என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவருக்கு நோயாளிகளைவிடக் கடையில் நின்று பேசுவோரே அதிகம். என்னைக் கண்டதும் அவர் இரு கைகளையும் விரித்தார்.

"வாங்க மாப்ள! உங்க இருமலுக்கு நான் மருந்து குடுத்தா, உங்க பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஆகாதா? என் தங்கச்சி என்னைச் சும்மா விடுவாளா?"

"விளையாடாதீங்க மச்சான். மூச்சை இழுத்தா விலாவுக்குள்ள ஊசி குத்துது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல."

அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். எனக்குள் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. பிறகு அவர் மேல்துண்டின் நுனியால் வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கடை வாசலில் நின்றிருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"கேட்டீங்களா? என்ன ஒரு குரல்! அந்தத் தொடர்ல போன வாரம் அப்பா செத்தாரே, எல்லாரும் அழுதீங்களே, அது இவருதான். மாப்ள, இவங்களுக்காக ஒரே ஒரு தடவை."

நான் மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய் வழியாக அது வந்துவிட்டது. மருந்துப் பெட்டிகள் அடுக்கிய கண்ணாடிப் பலகையில் நெற்றி மோத, நான் மடங்கி மடங்கி இருமினேன். நிமிர்ந்தபோது அங்கிருந்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தைலம் வாங்க வந்த ஒரு மூதாட்டி மட்டும், "பாவம், நிஜமாட்டமே இருக்கு" என்று வியந்தார்.

மச்சான் ஒரு சிவப்பு மருந்துப் புட்டியை என் கையில் திணித்து, "வாயுவா இருக்கும் மாப்ள, வாயு. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும், பிறருக்குத் தெரிவிக்க என்னால் இயலவில்லை.

அந்த மருந்து தீர்ந்த பின்னும் எந்த மாற்றமும் இல்லாததால், யாரிடமும் சொல்லாமல் அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். புறநோயாளிகள் பகுதியில் நீண்ட மரப்பலகைகளில் மக்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தார்கள். நாற்புறமும் இருமல்கள் எழுந்தவண்ணம் இருந்தன. எனக்கு எதிரில் இருந்த ஒரு லாரி ஓட்டுநர் வாயைக் கூட மூடாமல் இருமினார். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அவருக்கு அருகில் இருந்த பெண்மணியின் இருமலோ, கதவு கிறீச்சிடுவது போல் மெலிதாக வந்து பாதியில் நின்றது. அவற்றில் ஒன்றுகூட ஒலிவாங்கியில் எடுபடாது. ஆயினும் அவர்களை எவரும் ஐயுறவில்லை. அவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நகைப்பீர்கள். உண்மையில் பொறாமைப்பட்டேன்.

என் முறை வந்தது. மருத்துவர் இளம்வயதுப் பெண்மணி. கண்களில் உறக்கமின்மை தெரிந்தது.

"என்ன செய்யுது ஐயா?"

"விடாத இருமல் டாக்டர். நெஞ்சுவலியும் இருக்கு."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"படங்களுக்கு, தொடர்களுக்கு இருமல் குடுக்கறேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்த செவிலியரும் திரும்பினார்.

"இருமல் குடுக்கறீங்களா? சரி, இருமுங்க பாப்போம்" என்று கூறி, மருத்துவர் தம் கருவியின் வட்டமான முனையை என் மார்பருகே நீட்டினார்.

இங்கேதான் நான் கெட்டேன். வட்டமான ஒரு பொருள் என்னை நோக்கி நீட்டப்பட்டு, 'இருமுங்க' என்ற சொல்லும் பிறந்துவிட்டால், என் உடல் என்னைக் கேட்பதில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. முகம் சற்றே பக்கவாட்டில் திரும்பியது, மூச்சுக்காற்று நேராகப் பட்டு ஓசை சிதையக்கூடாது அல்லவா! தெளிவான, அளவான, மூன்று அடுக்குள்ள ஓர் இருமலைக் கொடுத்தேன். செவிலியர் தம்மை மறந்து, "அட!" என்றார்.

"நல்லாத்தான் இருமறீங்க" என்றார் மருத்துவர். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

மூச்சு விடும் ஓசை பதிவில் விழலாகாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் ஓசையின்றி இழுத்து ஓசையின்றி விட்டேன். மேலும், ஆழமாக இழுத்தால் வலிக்கும் என்ற அச்சத்தில் மேல்நெஞ்சோடு நிறுத்திக்கொண்டேன். அவர் முதுகில் இரண்டொரு இடங்களில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். அவருடைய அறைக்கு வெளியே அந்த மரப்பலகைகள் முழுவதும் காத்திருந்தன.

"ஐயா, உங்களுக்கு இருமறதுதான் வியாதியே. வருஷக்கணக்கா தொண்டையைப் பாடுபடுத்தி வெச்சிருக்கீங்க. நெஞ்சுத் தசையும் அதனாலதான் வலிக்குது. கொஞ்ச நாளைக்கு இருமாதீங்க. வேலையிலயும் வேண்டாம், வீட்லயும் வேண்டாம். தானா சரியாயிடும்."

வேறொருவராயின், "நானா வேண்டுமென்று இருமுகிறேன்?" என்று கேட்டிருப்பார். எனக்கு அது தோன்றவில்லை. இருமு என்றால் இருமவும், இருமாதே என்றால் இருமாதிருக்கவும் பழகிய உடம்பு இது. கூட்டக் காட்சிகளுக்குக் குரல் கொடுக்கும்போது ஒருவர் மூக்கை உறிஞ்சினாலும் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். அத்தகைய இடத்தில் என்னைப் போல் அடக்கி நிற்க ஒருவராலும் முடியாது. நாவின் அடிப்பகுதியை அண்ணத்தில் அழுத்தி, அடிவயிற்றை இறுக்கி, எச்சிலை விழுங்கி, மூச்சை ஒரு நூலிழையாக மெலிதாக்கிவிட்டால், எப்பேர்ப்பட்ட இருமலும் தொண்டையோடு திரும்பிப்போகும். மருத்துவரின் சொல்லை ஓர் இயக்குநரின் கட்டளையாக ஏற்றுக்கொண்டு வீடு திரும்பினேன். அன்றுமுதல் நான் இருமவில்லை.

கூடத்திற்கு விடுப்புச் சொன்னேன். ஒலிப்பதிவாளர் தொலைபேசியில், "சீக்கிரம் வாங்கண்ணே. நீங்க இல்லாம இங்க ஒரு அப்பா கூட ஒழுங்கா சாக மாட்டேங்கறாரு" என்று வருந்தினார். மனைவிக்கு மகிழ்ச்சி. "பாத்தீங்களா, டாக்டருக்கு நல்ல கைராசி. வீடே அமைதியாயிடுச்சு" என்றாள்.

வீடு அமைதியாக இருந்தது. நான் அமைதியாக இல்லை. வெளியேற வழியற்ற அந்த இருமல், மூடிய பானைக்குள் அகப்பட்ட பாம்பைப் போல நெஞ்சுக்குள் சுருண்டு சுருண்டு புரண்டது. மாலை வேளைகளில் உடம்பு கணகணத்தது. சட்டையின் கழுத்துப் பட்டை தொளதொளத்தது. படுத்தால் மூச்சு முட்டியதால், அவள் உறங்கிய பின் சுவரில் சாய்ந்து அமர்ந்தேன். அவள் விழிப்பதற்கு முன் படுத்துக்கொண்டேன். இருமாதிருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்துமுடித்தால் வலியும் போய்விடும் என்று நம்பினேன் போலும். வலி போகவில்லை. நான் அதிகமாக அடக்க, அதுவும் அதிகமாக வளர்ந்தது.

ஒரு மாலை, விளக்கேற்றாத அறையில், மனைவியின் அருகில் போய் நின்றேன்.

"எனக்கு பயமா இருக்கு. நான் செத்துப் போயிடுவேன்னு தோணுது."

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தவள், ஒரு கண்ணை மூடியபடியே, "நல்லா இருக்கு. ஆனா 'செத்துப் போயிடுவேன்'னு நேரடியா சொல்லாம விட்டா இன்னும் எடுபடும். எந்தப் படத்துக்கு?" என்றாள்.

நான் திரும்பிப்போய் மற்றோர் அறையில் அமர்ந்துகொண்டேன். அவளை நான் குறைசொல்ல மாட்டேன். கெஞ்சும் குரல், நடுங்கும் குரல், உண்மையைச் சொல்லும் குரல் ஆகிய யாவற்றையும் அவள் காதருகிலேயே ஒத்திகை பார்த்து, வெளியே கொண்டுபோய் விற்றுவிட்டவன் நான். எனக்கென்று ஒரு குரலையாவது மிச்சம் வைத்திருக்க வேண்டாமா? அந்த இருட்டில் வாய்க்குள்ளேயே பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். 'வலிக்குது.' 'வலிக்குதுடி.' 'ஐயோ, வலிக்குதே.' ஒவ்வொன்றும் எங்கோ கேட்டதாகவே இருந்தது. நானே என்னை நம்பவில்லை.

அதற்கு அடுத்த வாரம், தைத்த சீருடைகளைக் கீழே நின்ற வண்டியில் ஏற்றிவிட்டு மேலே வரும்போது, மாடிப்படியின் திருப்பத்தில் கால்கள் நின்றுவிட்டன. அமர்ந்தேன். எழ முடியவில்லை. நூலிழையாக விட்டுக்கொண்டிருந்த மூச்சு, இப்போது நான் விரும்பினாலும் அதைவிடப் பெரிதாக வர மறுத்தது. நெடுநேரம் கழித்து என்னைத் தேடி இறங்கிவந்த மனைவி, படியில் என்னைக் கண்டு திகைத்தாள்.

"என்னங்க, இங்க உக்காந்துட்டீங்க?"

நான் அவள் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

"இருமலே நின்னு போச்சே, இன்னும் எதுக்கு?"

"நீ வா. வேற எதுவுமே கேக்கல உன்னை."

தைக்க வேண்டிய சீருடைகள் எவ்வளவு மீதமிருந்தன என்பது எனக்கும் தெரியும். அவள் பெருமூச்செறிந்து, "சரி, வந்து தொலைக்கறேன். எழுந்திருங்க, பூனை மாதிரி படியில உக்காந்துக்கிட்டு" என்றாள். அவள் கைகொடுத்த பின்னரே என்னால் எழ முடிந்தது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அதே அறை, அதே மருத்துவர். அவர் என்னை மறந்திருக்கவில்லை.

"வாங்க ஐயா. இருமல் எப்படி இருக்கு?"

"இருமல் இல்ல டாக்டர். ஆனா வலி அதிகமாயிடுச்சு. சாயங்காலமானா காய்ச்சல் வருது. மாடி ஏற முடியல."

அவர் என் மனைவியின் பக்கம் திரும்பினார். "வீட்ல எப்படிம்மா இருக்கார்? ராத்திரி இருமறாரா?"

"ஒரு சத்தம் கிடையாது டாக்டர். நீங்க சொன்ன அன்னைக்கு நின்னது, அப்புறம் ஒரு செருமல் கூட இல்ல."

என் ஒரே சாட்சி எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டாள். செவிலியர் காய்ச்சல்மானியை வைத்துப் பார்த்தார்; காலை நேரமாதலால் காய்ச்சலும் என்னைக் கைவிட்டது.

"அப்ப தொண்டை ஆறிடுச்சு. இது புளிச்ச ஏப்பம், நெஞ்செரிச்சல் வகையா இருக்கும். மாத்திரை எழுதித் தர்றேன்" என்று மருத்துவர் எழுதத் தொடங்கினார். பேனா காகிதத்தில் ஓடியது. அது ஓடி முடிந்துவிட்டால் நான் எழுந்து வெளியே போக வேண்டும். போய் அந்த மாடிப்படியில் மீண்டும் அமர வேண்டும். அடுத்த முறை கைகொடுத்தாலும் எழ மாட்டேன். இது எனக்கு ஐயமறத் தெரிந்தது.

"டாக்டர், எழுதாதீங்க. எனக்குள்ள என்னமோ இருக்கு. சத்தியமா சொல்றேன், என்னைக் காப்பாத்துங்க."

குரல் உரிய இடத்தில் உடைந்தது. எந்த இயக்குநரும் மறுபதிவு கேட்டிருக்க மாட்டார். மருத்துவரின் இதழ்க்கோடியில் ஒரு சிறு புன்னகை நெளிந்தது. அவர் என் மனைவியைப் பார்த்தார். அவளோ கூச்சத்தால் முகம் சிவந்து, நிலைமையைச் சமாளிக்க முயன்றாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டர். இவருக்குச் செத்துச் செத்துப் பழகிப் போச்சு. போன மாசம் ஒரே நாள்ல, காலையில அப்பாவா செத்தார், மத்தியானம் பெரியப்பாவா செத்தார், சாயங்காலம் வர்ற வழியில அரைக் கிலோ தக்காளி வாங்கிட்டு வந்தார். அதுலயும் ரெண்டு அழுகல்."

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். செவிலியர் சிரித்தார். அழுகிய அந்தத் தக்காளிகளை அவள் என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டித் திட்டியது நினைவுக்கு வர, எனக்கும் சிரிப்பு வந்தது.

இருமலை அடக்க அறிந்த எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. சிரிப்பு என் பிரிவன்று; கூடத்தில் அதற்கென வேறொருவர் இருக்கிறார். நான் கவனிப்பதற்குள் நாக்கு அண்ணத்தை விட்டு விலகிவிட்டது, வயிறு தளர்ந்துவிட்டது. இத்தனை நாளாகத் திருப்பி அனுப்பியவை எல்லாம் அந்த இடுக்கு வழியே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்தன.

அதற்கு உருவமே இல்லை. நாய் வாந்தியெடுப்பது போன்ற ஓர் ஓசை. அதன் நடுவே காற்றுக்காக ஓர் ஊளை. மீண்டும் அதே ஓசை. நாற்காலியிலிருந்து சரிந்து மேசையின் காலைப் பிடித்துக்கொண்டேன். வலப்புற நெஞ்சைப் பாளம் பாளமாகக் கிழிப்பது போலிருந்தது. கண்கள் இருண்டன. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வழிவதை என்னால் துடைக்கவும் முடியவில்லை. தொடக்கத்தில் என் மனைவியின் சிரிப்பு என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. பின்பு அது நின்றது.

"என்னங்க, போதும்ங்க" என்றாள். பின்பு, "என்னங்க?" என்றாள். பின்பு அவள் தரையில் மண்டியிட்டு என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். என் உதடுகள் நீலம் பாரித்திருந்தனவாம்.

"டாக்டர்!" என்று அலறினாள். "இது இவரு இருமல் இல்ல டாக்டர்! இவரு இப்படி இரும மாட்டார்! எழுந்து வாங்க!"

மருத்துவர் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். அவரும் செவிலியருமாக என்னைப் படுக்கையில் தூக்கி அமர்த்தி, சட்டையைக் கழற்றினார்கள். மருத்துவர் இம்முறை கருவியை எடுக்கவில்லை. இடக்கை விரலை என் முதுகில் பதித்து, அதன்மேல் வலக்கை விரலால் தட்டினார். இடப்புறம் தட்டியபோது காலிக்குடத்தைத் தட்டிய ஓசை கேட்டது. வலப்புறம் தட்டினார். நிறைகுடம். மேலே, கீழே, மீண்டும் மேலே எனத் தட்டிக்கொண்டே போனார். ஏறக்குறைய எல்லா இடத்திலும் அதே மங்கிய ஓசை. ஓசையை வைத்தே வாழ்ந்தவன் நான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

சக்கர நாற்காலியில் வைத்துப் படமெடுக்கக் கொண்டுபோனார்கள். படம் வந்ததும் மருத்துவர் அதை ஒளிரும் பலகையில் செருகினார். ஒரு பக்கம் கறுப்பாக இருந்தது. மறுபக்கம் கீழிருந்து பாதிக்கும் மேல் வெண்மை ஏறியிருந்தது.

"நுரையீரலைச் சுத்தித் தண்ணி கோத்திருக்கு. அது விரிய இடமே இல்ல" என்றார். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "அன்னைக்கே தட்டிப் பாத்திருக்கணும். என் தப்பு" என்றார். பிறகு என்னைக் கூர்ந்து நோக்கி, "இவ்வளவையும் வெச்சுக்கிட்டு எப்படி இருமாம இருந்தீங்க? ஏன் அடக்கினீங்க?" என்று கேட்டார்.

"நீங்கதானே டாக்டர் இருமாதீங்கன்னு சொன்னீங்க?"

அவர் முன்பு எழுதத் தொடங்கிய மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். என் மனைவிதான் கேட்டாள், "ஏன் டாக்டர் தண்ணி கோக்குது?"

"காசநோயா இருக்கலாம். அதுன்னா மருந்து இருக்கு, குணமாயிடும். வேற எதாவதாவும் இருக்கலாம். தண்ணியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாதான் சொல்ல முடியும்."

'வேற எதாவது' என்பது என்ன என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று பிற்பகலில் என்னைக் கட்டிலின் விளிம்பில் குனிந்து அமரச் செய்து, முதுகில் ஊசியைச் செலுத்தி நீரை எடுத்தார்கள். குழாய் வழியே வெளிறிய மஞ்சள் நிறத்தில் அது புட்டியை நிறைத்தது. தகவல் அறிந்து மச்சான் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நெடுநேரம் அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஊசிக்கு அஞ்சாத நான் அதற்கு அஞ்சினேன்.

"மச்சான், ஏதாவது சொல்லுங்க."

"என்னத்த மாப்ள சொல்றது?" என்று முணுமுணுத்துவிட்டு, அவர் என் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நம்ப வேண்டும், நம்ப வேண்டும் என்றுதானே இத்தனை நாளும் தவித்தேன்? இப்போது நம்பிவிட்டார்கள். அவர்கள் நம்பாத வரையில், நான் அஞ்சியது பொய்யாக இருப்பதற்கும் ஓர் இடமிருந்தது. இனி அந்த இடமும் இல்லை. பழையபடி ஒரு கேலி செய்துவிடமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே சென்றார். செவிலியர் வந்து, சுருங்கிக் கிடந்த நுரையீரல் விரியத் தொடங்குவதால் இனி இருமல் வரும், வந்தால் தாராளமாக இருமலாம் என்று சொல்லிச் சென்றார். அவர் சொன்னபடியே வந்தது. வந்ததும் என் நாக்கு பழைய வழக்கப்படி அண்ணத்தை நோக்கி எழுந்தது. சுற்றிலும் கட்டில்கள், அவற்றில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் நீரெடுத்ததை வேடிக்கை பார்த்துவிட்டு இன்னும் முகத்தைத் திருப்பாமல் இருந்தார்கள்.

என் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துவிட்டாள் என் மனைவி.

"அடக்காதீங்க."

நான் கண்ணால் எதிர்க்கட்டில்களைக் காட்டினேன்.

"பாத்தா பாக்கட்டும். யாரும் டிக்கெட் எடுத்து வரல."

அவள் கட்டிலில் ஏறி என் அருகே அமர்ந்தாள். ஊசி குத்திய இடத்தைத் தவிர்த்து முதுகில் ஒரு கையை வைத்தாள். மறு கையால் எச்சில் கிண்ணத்தை எடுத்து என் தாடைக்குக் கீழே பிடித்தாள். சோதனையின் முடிவு வர இன்னும் சில நாள்கள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

"ம்" என்றாள் அவள்.

நான் இருமினேன்.